பழைய காரின் ஃபுட்போர்டு: ரப்பரையும் அடியிலிருக்கும் தகட்டையும் மீட்டெடுக்க முழுமையான வழிகாட்டி

பழைய கார்களில் கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் நீளப் படிதான் ஃபுட்போர்டு. அதன் ரப்பர் வெடித்துப்போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பழைய ரப்பரைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கடையில் கோடு போட்ட ரப்பர் மேட் ஒன்றை வாங்கி, பசை தடவி ஒட்டிவிடுவார்கள். அடுத்த கோடையில் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதற்கடுத்த மழையில் உள்ளே தண்ணீர் இறங்கும். பிறகு தகடே போய்விடும். கண்ணுக்குத் தெரிவது ரப்பர்தான், ஆனால் வேலையின் முக்கால் பங்கு அதன் அடியிலிருக்கும் தகட்டில் இருக்கிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய ரப்பர் எவ்வளவு கெட்டுப்போயிருந்தாலும், அதன் கோடுகளை அச்செடுக்கும்வரை தூக்கி எறியாதீர்கள். அந்தக் காரின் ஃபுட்போர்டு எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி பெரும்பாலும் அதுதான்.

இங்கே நான் முதன்மையாக எடுத்துக்கொள்வது 1930களின் நடுவிலும் பிற்பகுதியிலும் வந்த அமெரிக்க சீடன் கார்களை: ஃபோர்டு வி8, செவ்ரலே, பியூக், பேக்கர்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சேவ்ரியில் தொழிற்சாலை வைத்துக் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியதால் செவ்ரலே, பியூக் வண்டிகள் நம் பக்கம் நிறையவே வந்து சேர்ந்தன. ரப்பர் போர்த்திய ஃபுட்போர்டு உச்சத்தில் இருந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். 1938இல் வந்த காடிலாக் சிக்ஸ்டி ஸ்பெஷல் ஃபுட்போர்டே இல்லாமல் வந்தது. அடுத்த சில வருடங்களில் மற்ற அமெரிக்க கார்களிலும் அது கதவுக்குள் ஒளிந்துகொண்டது, அல்லது காணாமல் போனது. 2003 வரை ஃபுட்போர்டைக் கைவிடாமல் வந்தது ஃபோக்ஸ்வேகன் பீட்டில். பீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில், உங்களுடையது எந்த வகை?

பழைய ஃபுட்போர்டுகளில் மூன்று வகை உண்டு. 1910கள், 20களின் பல கார்களில் மரப்பலகைதான் ஃபுட்போர்டு. மேலே லினோலியம் ஒட்டி, சுற்றிலும் பித்தளையோ அலுமினியமோ பட்டை அடித்திருப்பார்கள். அது தச்சர் வேலை. இந்தக் கட்டுரைக்கு வெளியே. இரண்டாவது, தகட்டின் மேல் தனியாக வார்த்த ரப்பர் விரிப்பை ஒட்டி, ஓரத்தில் உலோகப் பட்டை பிடித்திருப்பது. பீட்டில் இந்த வகை. பிரிட்டிஷ் சின்னக் கார்கள் பலவும் அப்படியே. மூன்றாவது, தகட்டின் மேலேயே ரப்பரை அச்சில் வைத்து வேகவைத்துப் பிடிக்கச் செய்தது. இதைத்தான் வல்கனைஸ் செய்தது என்கிறோம். மேலே சொன்ன அமெரிக்க கார்களில் பெரும்பாலும் இதுதான்.

கண்டுபிடிப்பது எளிது. ஓரத்தைப் பாருங்கள். ரப்பர் தகட்டின் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கம் வரை தையலோ இணைப்போ இல்லாமல் ஒரே வழவழப்பாகப் போயிருந்தால் வல்கனைஸ். வெட்டிய ஓரமோ, மடித்த மடிப்போ, பழுப்பாகக் காய்ந்த பசையோ தெரிந்தால் ஒட்டியது. சந்தேகமாக இருந்தால் வெடித்த இடத்தில் ஒரு சின்ன முனையைக் கத்தியால் நெம்பிப் பாருங்கள். ஒட்டியது பட்டையாக உரிந்து வரும். வல்கனைஸ் செய்தது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து, தகட்டில் கறுப்புப் படலத்தை விட்டுவிட்டுத்தான் வரும்.

கழற்றுவதற்கு முன்

படம் எடுங்கள், அளவெடுங்கள். இதில் சோம்பல் படாதீர்கள். ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை ரப்பர் மேல் விரித்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து லேசாகத் தேய்த்தால் கோடுகள் அப்படியே தாளில் விழும். ஃபுட்போர்டின் முழு நீளத்துக்கும் இப்படி எடுத்து, எந்தப் பக்கம், முன் எது, பின் எது என்று எழுதி வையுங்கள். கோடுகள் முழுக்கச் சமமான இடைவெளியில்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மட்கார்டை நெருங்கும்போது அவை குறுகலாம், வளையலாம். கதவுக்கு நேர் கீழே கால் வைக்கும் இடத்தில் வேறு வடிவம் இருக்கலாம். கோட்டின் உயரத்தை வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து மூடி, கதவின் அடிவிளிம்புக்கும் ஃபுட்போர்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் எழுதுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்த எண் உங்களைக் காப்பாற்றும்.

இடது, வலது என்று பெயிண்ட் மார்க்கரில் அடிப்பக்கம் எழுதுங்கள். பல கார்களில் இரண்டும் கண்ணாடி பிம்பம்போல ஒத்திருப்பதில்லை.

கழற்றுதல்

முதல் நாள் மாலையே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் காலையில் கம்பி பிரஷ்ஷால் மரைகளைத் தேய்த்துவிட்டுத் திரும்பவும் ஊற்றுங்கள். ஃபுட்போர்டு பொதுவாக மூன்று இடங்களில் பிடித்திருக்கும்: சேஸிஸிலிருந்து நீட்டிய பிராக்கெட்டுகள், முன் மட்கார்டு, பின் மட்கார்டு. பீட்டிலில் பிராக்கெட் கிடையாது. பக்கத்துக்கு நான்கு எட்டு மில்லி போல்ட்டுகள் அகலமான வாஷரோடு நேராகக் கதவடிச் சட்டத்தில் ஏறியிருக்கும், முன், பின் மட்கார்டுகளுக்கு ஒவ்வொன்று. அந்த நான்கும் ஏறும் நட்டுகள் சட்டத்துக்குள் பற்றவைக்கப்பட்டவை. பலவந்தமாகத் திருகினால் நட்டு உள்ளேயே பிய்ந்து சுற்றத் தொடங்கிவிடும். ஆகவே கால் சுற்று இளக்கி, கால் சுற்று இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டுப் பொறுமையாக எடுங்கள்.

மட்கார்டு போல்ட்டு அசையாவிட்டால் கிரைண்டரில் அறுத்துவிடுவதே நல்லது. அங்கே கேஸ் கட்டர் வைத்தால் மட்கார்டு பெயிண்ட் போகும், ரப்பர் கருகும், அந்தப் புகை நெஞ்சுக்கும் கெடுதல். மட்கார்டுக்கும் ஃபுட்போர்டுக்கும் நடுவில் பீடிங் அல்லது தார் தோய்த்த துணிப் பட்டை இருக்கும். பிராக்கெட் மேல் சின்னச் சின்ன தகட்டுத் துண்டுகள் வைத்திருப்பார்கள். அவை உயரம் சரிசெய்ய வைத்தவை, எந்த பிராக்கெட்டில் எத்தனை இருந்தது என்று எழுதி, உறையில் போட்டு வையுங்கள்.

தட்டிப் பாருங்கள்

கழற்றிய ஃபுட்போர்டை மேசை மேல் வைத்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஓரங்குல இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். ரப்பர் தகட்டோடு நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாக, சுருக்கமாக வரும். விட்டுப்போன இடத்தில் பொத்தென்று வரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு கை வைத்துத் தடவுங்கள். ரப்பர் மேடு தட்டியிருந்தால் அடியில் துரு வளர்கிறது என்று அர்த்தம். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமனாகிறது, அதுதான் ரப்பரைக் கீழிருந்து தள்ளுகிறது.

மேலே தெரியும் வெடிப்புகளுக்குக் காரணம் வேறு. இயற்கை ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் தாக்குகின்றன. இழுபட்டு நிற்கும் இடங்களில் அந்த வெடிப்பு முதலில் வரும். அதனால்தான் வெளி விளிம்பு வளைவில் எப்போதும் வெடிப்பு அதிகம். மேல்தோல் வெடிப்பு மட்டும் என்றால் ரப்பரைக் காப்பாற்றலாம். சாக்பீஸ் வட்டங்கள் மொத்தப் பரப்பில் கால்வாசிக்கு மேல் போனால், அல்லது வெளி விளிம்பு நெடுக மேடு தட்டியிருந்தால், உரித்துவிட வேண்டியதுதான். அரைகுறையாக வைத்துக்கொண்டால் துரு உள்ளே வேலையைத் தொடரும்.

பழைய ரப்பரைக் காப்பாற்ற முடிந்தால்

முடியுமென்றால் கட்டாயம் காப்பாற்றுங்கள். எண்பது, தொண்ணூறு வருடத்து ரப்பருக்கு உள்ள மங்கலான கறுப்பை எந்தப் புதுப் பொருளும் தருவதில்லை.

முதலில் மென்மையான சோப்பும் தண்ணீரும், பல் துலக்கும் பிரஷ்ஷும். கோடுகளுக்கு நடுவில் இறுகிய மண்ணை மூங்கில் குச்சியால் எடுங்கள், இரும்பு வேண்டாம். பழைய மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைக்கலாம். பெட்ரோல், டீசல், தின்னர் எதுவும் கூடாது. இயற்கை ரப்பர் இவற்றைக் குடித்து ஊதிவிடும்.

வெடிப்புகளை அடைக்க, ரப்பர் கலந்து கெட்டியான கறுப்பு சயனோஅக்ரிலேட் பசையோ, வளையும் கறுப்பு பாலியூரிதேன் சீலண்டோ பயன்படுத்தலாம். மயிரிழை வெடிப்புக்கு முதலாவது, அகல வெடிப்புக்கு இரண்டாவது. வெடிப்பின் உள்ளே இருக்கும் உதிரித் தூளை ஊதி எடுத்து, ஓரத்தைக் கரகரப்பாக்கிவிட்டு நிரப்புங்கள்.

கோடே பிய்ந்துபோன இடம் இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் பழைய ரப்பரின் நல்ல பகுதி கைகொடுக்கும். அதே கோடுகள் முழுசாக இருக்கும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். சுத்தம் செய்து, சுற்றிலும் களிமண்ணால் ஒரு சின்ன வரப்பு கட்டுங்கள். அதற்குள் இரண்டு பாக சிலிக்கான் கலவையை மெல்லிய நூலாக ஒரே மூலையில் ஊற்றுங்கள். அது தானாகப் பரவிக் கோடுகளுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். இறுகியதும் உரித்தால் கோடுகளின் எதிர் அச்சு கையில் இருக்கும். பிய்ந்த இடத்தில் பழைய ரப்பரின் ஓரத்தைக் கத்தியால் நேராக வெட்டிச் சதுரமாக்கி, தகட்டைச் சுத்தம் செய்து பிரைமர் கொடுங்கள். கறுப்பு நிறமி கலந்த இரண்டு பாக பாலியூரிதேன் ரப்பரை அதில் ஊற்றி, சிலிக்கான் அச்சைக் கோட்டுக்குக் கோடு பொருத்தி மேலே வைத்து, ஒரு பலகையும் செங்கல்லும் வையுங்கள். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 70 அருகே கடினமுள்ள ரகம் போதும். மறுநாள் அச்சை உரித்தால் கோடு தொடர்ந்து ஓடியிருக்கும். இணைப்பில் மெல்லிய பிசிறு இருக்கும். அதைப் புது பிளேடால் சீவி, 400 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போய்விடும். புது இடம் பளபளவென்று தனியாகத் தெரிந்தால், பழைய ரப்பரையும் சேர்த்து நைலான் ஸ்க்ரப்பரால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே மங்கலுக்கு வந்துவிடும்.

ரப்பரை வைத்துக்கொள்வதாக இருந்தால், அடிப்பக்கத் துருவை மின்பகுப்புத் தொட்டியில் எடுக்கவே கூடாது. அந்த மின்னோட்டம் ரப்பருக்கும் தகட்டுக்கும் உள்ள பிடிப்பை ஓரத்திலிருந்து விடுவித்துக்கொண்டே போகும். ஆசிடும் அப்படித்தான், ஓரம் வழியாக உள்ளே கசியும். அடிப்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றும் திரவத்தைப் பிரஷ்ஷால் மட்டும் தடவி, மேலே எபாக்ஸி பிரைமர் அடித்தால் போதும்.

ரப்பரை உரிப்பது

உரிப்பதென்று முடிவு செய்தால், முதலில் கத்தியால் நீளவாக்கில் ஓரங்குலப் பட்டைகளாகக் கீறிவிடுங்கள். அகலமான உளியை நன்றாகத் தீட்டி, படுக்கையாகப் பிடித்து ஒவ்வொரு பட்டையாக எடுங்கள். அடம்பிடிக்கும் இடத்தில் ஹீட் கன்னை மிதமான சூட்டில் காட்டினால் இளகும். புகை வரத் தொடங்கினால் சூடு அதிகம். பழைய ரப்பரில் கந்தகம் இருக்கிறது; எரிந்தால் வரும் வாயு கண்ணையும் தொண்டையையும் கரிக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள், நெருப்பு வைத்து எரித்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தகடும் அந்தச் சூட்டில் நெளிந்துவிடும்.

கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புப் படலத்துக்குக் கம்பி கப் பிரஷ் போட்ட கிரைண்டர். முகத்துக்கு முழுக் கவசம், மூக்குக்குத் தூசி மாஸ்க். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

நன்றாக இருக்கும் ஓரடித் துண்டு ஒன்றை மட்டும் எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தகடு

இனிமேல்தான் உண்மையான வேலை. ரப்பரின் அடியில் துரு எப்போதும் நினைத்ததைவிட அதிகம் இருக்கும். வெளி விளிம்பின் உட்புறம், பிராக்கெட் உட்காரும் இடம், மட்கார்டு சேரும் முனை, இந்த மூன்றும் தண்ணீர் தேங்கும் இடங்கள்.

துருவை எடுக்க எனக்குப் பிடித்த வழி மின்பகுப்பு. ஐந்தாறு அடி நீளப் பொருளுக்குத் தொட்டி எங்கே கிடைக்கும் என்று கவலைப்பட வேண்டாம். தரையில் செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கி, மேலே கனமான பாலிதீன் ஷீட் விரித்தால் தொட்டி தயார். நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை ஃபுட்போர்டுக்கு. பாசிட்டிவ் முனை பழைய இரும்புக் கம்பிகளுக்கோ தகட்டுக்கோ. மாற்றிக் கொடுத்தால் ஃபுட்போர்டுதான் கரையும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் வைக்கவே கூடாது, அதிலிருந்து வரும் குரோமியம் நஞ்சு. ஹைட்ரஜன் குமிழிகள் வரும், ஆகவே காற்றோட்டமான இடம், பக்கத்தில் பீடியோ வெல்டிங்கோ வேண்டாம். சார்ஜரை அணைத்துவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். ஓர் இரவு முழுக்க ஓடினால் துரு கறுப்புச் சேறாக மாறியிருக்கும். தண்ணீர் அடித்துத் தேய்த்தால் கழுவிக்கொண்டு போகும். உடனே துணியால் துடைத்து வெயிலில் காயவைத்து, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.

மணல் அடிக்கக் கொடுப்பதானால், அழுத்தத்தைக் குறைத்து, சாய்த்து, ஒரே இடத்தில் நிற்காமல் அடிக்கச் சொல்லுங்கள். நீளமான தட்டைத் தகடு அதிக அழுத்தத்தில் கிண்ணம்போல் குழிந்துவிடும். அதைத் திரும்ப நேராக்குவது பெரும்பாடு.

ஓட்டை விழுந்த இடங்களில் மேலே தகடு வைத்து ஒட்டுப்போடாதீர்கள். ஒட்டுப்போட்ட தகட்டின் கனம் ரப்பருக்கு மேலேயும் மேடாகத் தெரியும், இரண்டு தகடுக்கு நடுவில் தண்ணீரும் நிற்கும். கெட்ட பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் துண்டு வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவையுங்கள். பழைய தகட்டின் கனத்தை நல்ல இடத்தில் அளந்து அதே கேஜ் வாங்குங்கள். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். ஒரே கோடாகப் பற்றவைக்காமல், அங்கங்கே புள்ளி வைத்து, ஆறவிட்டு, நடுவில் மறுபடி புள்ளி வைத்து நிரப்ப வேண்டும். அடியில் ஒரு செம்புத் தகட்டை அழுத்திப் பிடித்தால் சூட்டையும் இழுத்துக்கொள்ளும், ஓட்டையும் விழாது.

பிறகு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இரு முனைக்கும் நடுவில் நூல் கட்டி, வெளி விளிம்பு நெடுக இடைவெளியை அளந்தால் தொய்வு தெரிந்துவிடும். இத்தனை வருடம் ஆட்கள் மிதித்து ஏறியது விளிம்பின் மேல்தான், ஆகவே பிராக்கெட்டுகளுக்கு நடுவில் தொங்கியிருப்பது சகஜம். டிங்கர் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து டாலியும் (தகட்டின் மறுபக்கம் தாங்கும் இரும்புக் கட்டை) சுத்தியலும் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் மூடிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. ரப்பரின் நேர்கோடுகள் அடியில் உள்ள சின்னப் பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். வெறும் பெயிண்டைவிட மோசமாகக் காட்டும். பட்டி போட்டு நிரப்புவதையும் மிகக் குறைவாக வையுங்கள். கால் மிதிபடும் இடம், பட்டி உடைந்தால் அதோடு ரப்பரும் வரும்.

பிரைமர்

இரண்டு பாக எபாக்ஸி பிரைமர், இரு பக்கமும். வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். ரப்பர் பசையில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டையும் சாதாரண எனாமலையும் அவை இளக்கிவிடும். பிறகு பசை பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும், பெயிண்ட் தகட்டை விட்டுவிடும். எபாக்ஸி முழுசாக இறுக டப்பாவில் சொல்லியிருக்கும் காலம் கொடுத்து, ரப்பர் ஒட்டும் பக்கத்தை 180 நம்பர் உப்புத்தாளில் மங்கலாகும்வரை தேய்த்து, துடைத்து வையுங்கள். அடிப்பக்கத்துக்கு மேலும் ஒரு கல்லடி தாங்கும் கோட்டிங் கொடுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருந்தால் அடைத்துவிடாதீர்கள்.

எந்த ரப்பர்

உங்கள் காருக்கென்றே வார்த்த ரப்பர் வெளிநாட்டில் கிடைத்தால், விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். விளிம்பு வளைவும் முனைகளும் அச்சிலேயே வந்திருக்கும். ஃபோர்டு வி8, செவ்ரலே, பீட்டில் போன்ற பிரபலமான மாடல்களுக்குக் கிடைக்கிறது. வாங்கியதும் உங்கள் பென்சில் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிடைக்காதபோது கோடு போட்ட ஷீட்தான் வழி. கனம் சுமார் 3 மில்லிமீட்டர். இயற்கை ரப்பரோ எஸ்.பி.ஆர். என்னும் செயற்கை ரப்பரோ நன்றாக ஒட்டும், ஆனால் வெயிலுக்குச் சீக்கிரம் வெடிக்கும். ஈ.பி.டி.எம். என்னும் இன்னொரு செயற்கை ரப்பர் ஓசோனுக்கும் வெயிலுக்கும் அசைந்து கொடுக்காது, ஆனால் பசை அதில் பிடிப்பது கஷ்டம். அதற்கென்றே உள்ள பிரைமர் வேண்டும். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் நடுவில் நிற்கிறது: வெயில் தாங்கும், சாதாரண கான்டாக்ட் பசையிலும் ஒட்டும், எண்ணெய் பட்டாலும் அவ்வளவு ஊதாது. நம்மூர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு நான் நியோப்ரீனையே தேர்ந்தெடுப்பேன்.

ஒட்டுவது

ஷீட் சுருளாக வந்திருக்கும். ஒரு நாள் முழுக்க வெயிலில் தட்டையாக விரித்துப்போடுங்கள், சுருள் ஞாபகம் போகட்டும். எல்லாப் பக்கமும் ஓரங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். அடிப்பக்கத்தை 80 நம்பர் தாளில் தேய்த்து, டொலுயீன் தோய்த்த துணியால் துடையுங்கள். அச்சிலிருந்து வந்த பவுடரும் மெழுகும் அதில் படிந்திருக்கும். அவை இருந்தால் எந்தப் பசையும் நிற்காது.

பசை, வெப்பம் தாங்கும் நியோப்ரீன் கான்டாக்ட் ரகம். கறுப்பு ரப்பர் மே மாத வெயிலில் கை வைக்க முடியாத அளவு சூடாகும், சாதாரண ரகம் அப்போது இளகி ஓரத்தை விட்டுவிடும். தனியாக ஹார்ட்னர் கலக்கும் ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்குக் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் மாஸ்க் அவசியம். மழை நாளில் ஒட்டாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பசை மேல் வெண்மையாகப் பூத்தால் அதுதான். அந்த நிலையில் ஒட்டினால் நிற்காது.

ஃபுட்போர்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடும் ரப்பரின் அடிப்பக்கத்தில் ஒரு கோடும் போடுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பசை தடவி, விரலால் தொட்டால் ஒட்டாமல் இழுக்கும் பதம் வரும்வரை காத்திருங்கள். பத்திலிருந்து இருபது நிமிடம் ஆகலாம். இந்தப் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் தகடு முழுக்கப் பிரௌன் தாள் விரித்து, அதன் மேல் ரப்பரை வைத்துக் கோட்டுக்குக் கோடு சரிபாருங்கள். சரியானதும் நடுவில் ஒரு சாண் அளவு தாளை விலக்கி அங்கே மட்டும் அழுத்துங்கள். பிறகு ஒருவர் தாளை மெதுவாக ஒரு முனை நோக்கி இழுக்க, இன்னொருவர் ரோலரால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உருட்டிக்கொண்டு வரட்டும். அப்புறம் மறு முனை.

இழுக்காதீர்கள். சுருக்கம் தெரிகிறதே என்று ரப்பரை நீளவாக்கில் இழுத்து ஒட்டினால், அது சில வாரங்களில் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். இரு முனையிலும் தகடு வெளியே தெரியும். இழுபட்ட ரப்பரில் ஓசோன் வெடிப்பும் சீக்கிரம் வரும்.

வெளி விளிம்பை மடிக்கும்போது ஹீட் கன்னை லேசாகக் காட்டி ரப்பரை இளக்கி, கட்டை விரலால் அழுத்தி அடிப்பக்கம் திருப்புங்கள். மூலைகளில் வி வடிவத்தில் சின்னச் சின்னதாக வெட்டிவிட்டால் மடிப்பு குவியாது. வெட்டு, மேலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு அடியிலேயே நிற்க வேண்டும். மடித்த இடம் முழுக்க, தகட்டுப் பட்டை வைத்து கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். கடைசியாக, அடியில் ரப்பரின் வெட்டு ஓரம் நெடுகக் கறுப்பு பாலியூரிதேன் சீலண்ட் ஒரு கோடு. தண்ணீர் உள்ளே போக வழி விடாதது இந்தக் கோடுதான், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

வல்கனைஸ் செய்தே ஆக வேண்டுமென்றால்

போட்டிக்குப் போகும் வண்டி, அரிய மாடல் என்றால் அசல் முறையிலேயே செய்ய ஆசை வரும். ரசாயனத் தொட்டிகளுக்கு உள்ளே ரப்பர் லைனிங் செய்யும் பட்டறைகளிடம் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்தத்தில் ரப்பரை வேகவைக்கும் பெரிய கொப்பரை இருக்கும். இரும்பின் மேல் வேகாத ரப்பரைப் பிடிக்கவைப்பதுதான் அவர்கள் தொழில். சிக்கல் கோடுகள்தான். உங்கள் பழைய துண்டை வைத்து ஓர் அச்சுத் தகடு செய்ய வேண்டும், செலவில் பெரும்பகுதி அதற்கே போகும். தகட்டைப் பிரைமர் இல்லாமல், மணல் அடித்த வெற்று இரும்பாகக் கொடுக்க வேண்டும். 140, 150 டிகிரி சூட்டில் வேகும் என்பதால் பட்டி ஒரு துளிகூட இருக்கக் கூடாது. அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்தால் அச்சுச் செலவு பிரிந்துவிடும். ஒற்றை வண்டிக்கு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு, ஒட்டிய ரப்பரே தாராளமாகப் போதும் என்பது என் கருத்து.

ஓரப் பட்டையும் பூட்டுவதும்

எவர்சில்வர் அல்லது அலுமினியப் பட்டை இருந்தால் பாலிஷ் செய்து, அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்துப் பூட்டுங்கள். வேறு வேறு உலோகங்கள் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் ஒன்று அரித்துப்போகும். கிளிப் ஓட்டைகளின் விளிம்பில் பிரைமர் தொட்டு வையுங்கள்.

பூட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். பிராக்கெட் மேல் ரப்பர் அல்லது கேன்வாஸ் துண்டும், நீங்கள் உறையில் எடுத்து வைத்த தகட்டுத் துண்டுகளும் போகட்டும். மட்கார்டு பீடிங்கை நுழைத்து, கதவைத் திறந்து மூடி, எழுதி வைத்த இடைவெளியோடு ஒப்பிடுங்கள். புது ரப்பர் பழையதைவிடக் கனமாக இருந்தால் கதவு உரசும். அப்போது ஒரு தகட்டுத் துண்டைக் குறைக்க வேண்டும். எல்லாம் சரியென்றான பிறகே, நடுவிலிருந்து இரு முனைக்கும் போவதாக இறுக்குங்கள். மரையில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவியிருந்தால் அடுத்த முறை கழற்றுபவர் கிரைண்டரைத் தேட வேண்டியிருக்காது.

பிறகு

இரண்டு நாள் அதன் மேல் யாரையும் ஏறவிடாதீர்கள். தூசியைத் தண்ணீரும் மென்மையான சோப்பும் வைத்துக் கழுவினால் போதும். டயர் பாலிஷ் வேண்டாம்: அதிலுள்ள சிலிக்கான் கால் வழுக்கும், பக்கத்தில் எப்போதாவது பெயிண்ட் அடிக்கும்போது கண் கண்ணாகக் குழி விழும். சர்வீஸ் ஸ்டேஷனில் தண்ணீர் அடித்து முடித்ததும் வண்டியின் அடியில் டீசல் தெளிக்கும் வழக்கம் இருக்கிறதல்லவா, அதை உங்கள் வண்டிக்குச் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டீசல் ஓரம் வழியாக ஏறிப் பசையை இளக்கும், இயற்கை ரப்பராக இருந்தால் ஊதவும் வைக்கும். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்கும் முன், அடியில் படுத்து அந்த சீலண்ட் கோடு எங்காவது விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விட்டிருந்தால் அந்த இடத்தைக் காயவைத்து, சுரண்டி, புதிதாக வையுங்கள்.